பச்சைக் கிழங்கில் எழுந்த மேடு

அம்மா அப்போதுதான் இறக்கிய உருளைக்கிழங்கு வறுவலில் பாதியை டப்பாவில் அள்ளி, மூடி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. "ஏஞ் சாமி, திங்கற பண்டத்தயுமா மிஷின்ல உட்டுப் பாக்கோணும்? நல்லாத்தானே இருக்குது, தின்னு."

கோயமுத்தூரில் ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எல்சி-எம்எஸ்/எம்எஸ் என்ற, கலந்து கிடக்கும் பொருள்களைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் கருவியைப் பார்க்கிறவன் நான். வாரம் முழுக்க மிளகாய்த்தூளில் பூச்சிமருந்து, நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. எப்போதாவது பிஸ்கட்காரர்களும் சிப்ஸ்காரர்களும் ஏற்றுமதிக்காக அக்ரிலமைடு, அதாவது வறுபடும்போது உணவில் உண்டாகும் ஒரு ரசாயனம், எவ்வளவு என்று கேட்டு வருவார்கள். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. மொறுமொறுவென்று காய்ந்த பண்டங்களுக்கு அது நன்றாகவே ஓடும். வீட்டுப் பொரியலுக்கு ஓடுமா என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. அந்த ஊர் மக்களின் உணவில் சேரும் அக்ரிலமைடில் பாதிக்கு மேல் காய்கறி வகைகளிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு வாணலியில் வதக்கிய காய்கறிகள் என்று அதில் கண்டிருந்தார்கள். ஒவ்வொரு காயையும் எண்ணெய் விடாமல் தனித்தனியாக வறுத்துப் பார்த்தபோது சுக்கினி என்ற, வெள்ளரி போன்ற காயில் கிலோவுக்கு 360 மைக்ரோகிராம், பூண்டில் 200, வெங்காயத்தில் 150. சுக்கினி எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. பூண்டும் வெங்காயமும் தீர்ந்தால் மறுநாளே கடைக்கு ஓட வேண்டும்.

அடிப்படை வேதியியல் சின்னதுதான். காயில் கட்டுப்படாமல் கிடக்கும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சூட்டில், ஈரம் வற்றிய இடத்தில் சந்தித்தால் அக்ரிலமைடு பிறக்கும். வறுத்த வாசனையையும் பொன்னிறத்தையும் தருகிற அதே மெய்யார்டு வினைதான். தண்ணீர் இருக்கிறவரை காயின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் வேகவைத்த காயில் இந்தச் சிக்கல் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அக்ரிலமைடை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்கும் அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது என்ற வகையில் வைத்தது. விலங்குகளில் சான்று தெளிவு. மனிதர்களின் சாப்பாட்டை வைத்து நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அம்மாவைப் பயமுறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. எவ்வளவு இருக்கிறது, எப்போது வருகிறது என்று மட்டும் பார்க்க ஆசை.

முதலில் சமையலறை. அடுப்பின் சூட்டைப் பார்க்கத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துப்போனேன். கறுத்த இரும்பு வாணலியில் அது ஒழுங்காகக் காட்டியது. பளபளக்கும் எவர்சில்வர் வாணலியில் அபத்தமாகக் குறைத்துக் காட்டியது, கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது 70 டிகிரி என்றது. மினுங்கும் உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளிவிடாது, எதிரே இருக்கும் சுவரைத்தான் பிரதிபலிக்கும். துப்பாக்கியை மூட்டைகட்டிவிட்டு, சூட்டை அளக்கும் மெல்லிய கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியை ஒரு துண்டுக் கிழங்கின் மேற்பரப்புக்குச் சற்றே அடியில் செருகிவிட்டேன். அம்மா கரண்டியால் கிண்டும்போதெல்லாம் அது கழன்றுபோகும், மறுபடி செருக வேண்டும். நான்காவது தடவை கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு டீவி பார்க்கப் போய்விட்டார்.

எடை பார்ப்பதுதான் இதில் பலர் விட்டுவிடும் இடம். தோல் சீவி நறுக்கிய கிழங்கு 500 கிராம் வாணலியில் போனது, இறக்கும்போது 310. போனதெல்லாம் தண்ணீர். புதிதாக எதுவும் உண்டாகாவிட்டால்கூட, உள்ளே இருக்கும் எந்தப் பொருளின் 'கிலோவுக்கு இவ்வளவு' கணக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் பச்சை எடை, இறக்கிய எடை இரண்டையும் நோட்டில் எழுதினேன். சேர்த்த எண்ணெயையும்.

பிறகு அரைப்பது. பொரியல் என்பது ஒரே மாதிரியான பண்டமே இல்லை. வெளியே மொறுமொறு, உள்ளே மாவு, நடுநடுவே உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, சட்டியின் அடியில் ஒட்டிச் சுண்டியது. எந்த ஒரு கிராமை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். தாளிப்பைப் பொறுக்கி எறியலாமா என்று யோசித்தேன். வறுபட்ட பருப்பிலும் இதே வினை நடக்கும், தின்னும்போது யாரும் அதைப் பொறுக்குவதில்லை, ஆகவே அதுவும் சேர்ந்தே அரைபடட்டும் என்று விட்டேன். எண்ணெய்ப் பிசுக்கோடு மிக்சியில் போட்டால் ஜார் சுவரில் அப்பிக்கொண்டு அரைபடாது. இரவு முழுக்க உறைய வைத்து, கல்லாகியிருக்கும்போதே விட்டு விட்டு அடித்தால் ரவை மாதிரி உதிர்ந்து வரும்.

இனி நான் சொதப்பிய கதை.

சோம்பல்தான் காரணம். பிஸ்கட்டுக்கு வைத்திருந்த முறையையே எடுத்துக்கொண்டேன். ஒரு கிராம் மாதிரி, அதன்மேல் கார்பன்-13 என்ற கனமான கார்பன் ஏற்றிய அக்ரிலமைடு தெரிந்த அளவு கொஞ்சம், ஒப்பிட்டு அளக்க, அதுதான் உள்ளளவு. பத்து மில்லி தண்ணீர், குலுக்கல், சென்ட்ரிஃபியூஜ், வடிகட்டல், பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிவிடும் சி18 பத்தியில் நேராக ஊசி. தெரிந்த அளவுகளை ஓட்டி வரைந்த அளவுகோடு மில்லிக்கு 5 நானோகிராமிலிருந்து 200 வரை, நேர்கோடு, அழகு. பொருள் வெளிவரும்போது திரையில் கோடு மேடாக எழும்; வறுவல் மாதிரிகளில் பெரிய பெரிய மேடுகள். பொன்னிறத்தை விடக் கருகியதில் அதிகம். எல்லாம் எதிர்பார்த்தபடி. அன்றிரவே எண்களைத் தங்கைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள், கூட வேலை பார்க்கும் தம்பி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, வயலை மாத்தி வெச்சுட்டீங்களாங்ணா? பச்சைக் கெழங்குலயே வருது."

வெற்று மாதிரியாக இருக்கட்டும் என்று அதே கிழங்கை அடுப்பே காட்டாமல் அரைத்து வைத்திருந்தேன். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தது. வறுவலில் வந்ததில் கால்வாசி உயரத்துக்கு, பத்தியிலிருந்து வெளிவரும் நேரமும் கிட்டத்தட்ட அதே நேரம், ஒரு மேடு.

வயல், அதாவது மாதிரி ஊற்றிய குப்பி, மாறவில்லை. முந்தைய ஊசியின் மிச்சமா என்று இடையில் வெறும் தண்ணீர் ஓட்டினேன், மேடே இல்லாத தரை. கரைப்பான்களை மட்டும் முழு வேலையும் செய்து ஓட்டினேன், தரை. மிக்சி ஜாரில் முன்னால் அரைத்த வறுவல் ஒட்டியிருக்கலாம் என்று புதுக் கிழங்கு வாங்கி உரலில் இடித்தேன். மேடு அப்படியே வந்தது. அப்படியானால் அது கிழங்கிலேயே இருக்கிற ஏதோ ஒன்று.

இங்கே கருவி எப்படிப் பார்க்கிறது என்று சொல்லியாக வேண்டும். அக்ரிலமைடின் மூலக்கூறு எடை 71. ஒரு புரோட்டான் ஏறினால் 72. கருவி முதலில் 72 எடையுள்ளதை மட்டும் உள்ளே விடும், நடு அறையில் அதை வாயுவோடு மோதவிட்டு உடைக்கும், 17 எடை அம்மோனியா கழன்று 55 ஆகும் துண்டை எண்ணும். 72-லிருந்து 55, இதுதான் எங்கள் கண். பக்கத்துணைக்கு 72-லிருந்து 44. உள்ளளவு 75-லிருந்து 58. வேறு பொருள் வந்து ஏமாற்ற வேண்டுமானால் அதே நேரத்தில் வந்து, 72 ஆகி, 17 இழந்து 55 ஆகவேண்டும். அப்படி ஒரு ஒற்றுமை எங்கே அமையப்போகிறது என்பது பொதுவான நம்பிக்கை.

அமைந்திருந்தது. மேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளளவின் உச்சிக்கும் இந்த மேட்டின் உச்சிக்கும் சில விநாடி இடைவெளி. கார்பன்-13 ஏற்றியது வேதியியலில் இரட்டைப் பிறவி, இரண்டும் ஒரே விநாடியில் வரவேண்டும். 55-க்கும் 44-க்கும் உள்ள விகிதமும் தூய அக்ரிலமைடின் தரக்கரைசலில் இருப்பதோடு ஒட்டவில்லை. இரண்டையும் மென்பொருள் முதல் நாளே காட்டியிருக்கிறது. மேட்டைத் தேடும் நேர ஜன்னலைத் தாராளமாக வைத்து, தானியங்கியாக மேட்டை அளக்கச் சொல்லிவிட்டு, பட்டியலில் வந்த எண்ணை மட்டும் படித்தவன் நான்.

கூடத்தில் அமினோ அமிலப் பரிசோதனை செய்யும் பகுதியும் உண்டு. அங்கிருந்த பட்டியலை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தபோது வேலின் என்ற பெயரில் கண் நின்றது. எடை 117, புரோட்டானோடு 118. கருவி நுழைவாயிலின் சூட்டிலும் மின்னழுத்தத்திலும் அது 46 எடையை, அதாவது தண்ணீரும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த எடையை, உதறிவிடும். மீதி 72. அதிலிருந்து அம்மோனியா 17 போனால் 55. கணக்கு கச்சிதம். துல்லியமாகப் பார்த்தால் ஒன்று 72.04, மற்றது 72.08. எங்கள் கருவிக்கு இரண்டும் வெறும் 72.

ஊகத்தோடு நிற்க முடியாது. 118-லிருந்து 72 என்று ஒரு புதுக் கண்ணைத் திறந்து பச்சைக் கிழங்கை ஓட்டினேன். அதே விநாடியில் பெரிய மேடு. வேலின் தரக்கரைசலை மட்டும் தனியாக ஊசி போட்டதும், அக்ரிலமைடு கண்ணில் போலி மேடு எழுந்து நின்றது. நுழைவாயில் மின்னழுத்தத்தைக் குறைத்தால் போலி மேடு சரிந்தது, நிஜம் அவ்வளவு சரியவில்லை. உருளைக்கிழங்கில் கட்டுப்படாத அமினோ அமிலங்கள் ஏராளம், அவற்றில் வேலினும் ஒன்று. சி18 பத்தி இந்த இரண்டு சின்ன மூலக்கூறுகளையும் பிடித்து வைக்காது, வந்த வேகத்தில் தோளோடு தோள் வெளியே தள்ளிவிடும். தங்கைக்கு அனுப்பிய செய்தியை அழித்தேன். அவள் அதற்குள் அண்ணிக்கு அனுப்பியிருந்தாள்.

அக்ரிலமைடு சாப்பாட்டில் இருக்கிறது என்று தெரியவந்ததே ஒரு வெற்று மாதிரியின் வழியாகத்தான். தெற்கு சுவீடனில் ஹல்லண்ட்சோஸ் மலையில் ரயில் சுரங்கம் தோண்டியபோது, 1997-ல் நீர்க்கசிவை அடைக்கச் செலுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, பசுக்களுக்குக் கால் முடங்கியது. தொழிலாளர்களின் ரத்தத்தை ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சுரங்கப் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அவர்கள் ஹீமோகுளோபினிலும் அக்ரிலமைடின் சுவடு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய்த்தான் வறுத்த உணவில் முட்டினார்கள். 2002 ஏப்ரலில் சுவீடன் உணவுத் துறையும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அறிவித்தன. அஸ்பரஜின்தான் மூலம் என்று அதே ஆண்டு அக்டோபரில் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் எழுதின. அவர்களுக்கு வெற்று மாதிரியில் தெரிந்தது நிஜம், எனக்குத் தெரிந்தது போலி. எனக்கு அந்த அளவுக்கு யோகம் இல்லை.

முறையை மாற்றினேன். பூச்சிமருந்தைப் பிரித்தெடுக்கத் தினமும் செய்யும் கெச்சர்ஸ் என்ற வேலையையே அக்ரிலமைடுக்கும் திருப்பி அமைத்திருக்கிறார்கள், அதுதான் இங்கே பொருந்தியது. ஒரு கிராம் மாதிரி, உள்ளளவு, 5 மில்லி ஹெக்சேன், 10 மில்லி தண்ணீர், 10 மில்லி அசிட்டோநைட்ரைல். நன்றாகக் குலுக்கிய பிறகு 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், அரை கிராம் உப்பு. சல்பேட்டைக் கொட்டியவுடன் குழாய் கையைச் சுடும். அந்த நொடியே மூடிக் குலுக்காவிட்டால் அடியில் பாறை மாதிரி இறுகிவிடும், பிறகு எதைக் கொண்டு குத்தினாலும் உடையாது. ஒரு குழாயை அப்படி இழந்தேன். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே ஹெக்சேனில் நல்லெண்ணெய் மஞ்சளாக நிற்கும், நடுவில் அசிட்டோநைட்ரைல், அடியில் தண்ணீரும் உப்பும் காயும். அக்ரிலமைடு நடு அடுக்குக்கு ஏறும். அமினோ அமிலங்கள் பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கிவிடும். தப்பி ஏறியதைப் பிஎஸ்ஏ தூள் பிடித்துக்கொள்ளும்.

நடு அடுக்கை அப்படியே ஊசி போட்டால் மேடு பரந்து நசுங்கிப்போகிறது. கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, நைட்ரஜன் ஊதி அசிட்டோநைட்ரைலை மட்டும் விரட்டினேன். முழுக்கக் காயவிட்டால் அக்ரிலமைடும் கூடப் போய்விடும் என்ற பயத்தில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பத்தியையும் மாற்றினேன். கிராஃபைட்டுக் கரியால் ஆன ஹைப்பர்கார்ப் பத்தி ஒன்று அலமாரியில் இருந்தது, ஐரோப்பியத் தரமுறையான ஈஎன் 16618-லும் அந்த வகைதான். சி18 உதறித்தள்ளும் அக்ரிலமைடை இது பிடித்து வைத்து நிதானமாக விடுகிறது.

பச்சைக் கிழங்கு, புது முறையில்: தரை. தெரிந்த அளவு அக்ரிலமைடைப் பச்சைக் கிழங்கில் சேர்த்து ஓட்டியதும் சேர்த்ததில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப அனுப்புங்ணா தங்கச்சிக்கு" என்றான்.

எண்களை இங்கே அடுக்கப்போவதில்லை. ஒரே அடுப்பு, ஒரே கை, ஒவ்வொன்றும் மூன்று தடவை மட்டும். இதை வைத்துத் தமிழ்நாட்டு உருளைக்கிழங்கு வறுவலில் இவ்வளவு என்று யாராவது மீம் போட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒப்பீட்டை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் தெளித்து வேகவைத்து, கடைசியில் தேங்காய் தூவிய கொத்தவரங்காய்ப் பொரியலிலும் கோஸ் பொரியலிலும் அளக்கும்படி எதுவும் இல்லை. வறுவலில் ஒரே வாணலியிலிருந்து மூன்று முறை எடுத்தேன். எட்டாவது நிமிடம், கிழங்கு வெந்து வெளுப்பாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒன்றுமில்லை. துண்டின் மேற்பரப்பு அப்போது 100-ஐச் சுற்றியே நின்றது. பதினான்கில், பொன்னிறம், தெளிவான மேடு. பதினெட்டில், ஓரம் பழுப்பேறியதும், பதினான்கில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நான்கு நிமிடத்தில் நடந்த ஏற்றம் அதற்கு முந்தைய பதினான்கு நிமிடத்தை விடப் பெரிது. எடை அந்த நான்கு நிமிடத்தில் அதிகம் குறையவில்லை என்பதால் இது தண்ணீர் வற்றியதால் வந்த கணக்கு ஏற்றம் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/2158 விதி கடையில் விற்கும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்குக் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்று ஒரு குறியளவு வைத்திருக்கிறது. வீட்டு வறுவலுக்கு அது பொருந்தாது, ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொன்னிறம் அதற்குக் கீழே, பழுப்பு அதற்கு மேலே.

அடியில் ஒட்டிச் சுண்டியதைத் தனியாகச் சுரண்டி ஓட்டினேன். எல்லாவற்றிலும் அதுதான் உச்சம். எங்கள் வீட்டில் சண்டை நடப்பதும் அதற்குத்தான்.

நறுக்கிய துண்டுகளை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு வடித்து வறுத்தால் குறைந்தது. நான்கு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தால் பாதிக்கும் கீழே வந்தது. மேற்பரப்பின் சர்க்கரையும் அஸ்பரஜினும் தண்ணீரோடு போய்விடுகின்றன. ஊறவைத்த கிழங்கைத் துடைக்காமல் போட்டால் வாணலி சூடு இறங்கி, பொன்னிறம் வர நேரம் பிடிக்கிறது, அதில் கொஞ்சம் லாபம் போகிறது. துணியில் ஒற்றி எடுத்துப் போடுவது மேல்.

கிழங்கே வேறு வேறு. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வந்த ஊட்டிக் கிழங்கு ஒரு கூறு வாங்கி, பாதியைக் கூடையிலும் பாதியைக் குளிர்பெட்டியிலும் மூன்று வாரம் வைத்தேன். குளிரில் கிடந்தால் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். குளிர்பெட்டிக் கிழங்கு பத்து நிமிடத்திலேயே சிவந்துவிட்டது, தின்றால் லேசாகத் தித்தித்தது, மேடும் மற்றதை விட உயரம். சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் குஃப்ரி சிப்சோனா என்று சிப்ஸுக்கென்றே சர்க்கரை குறைந்த ரகங்களை உண்டாக்கியது இந்தச் சிவப்புக்குப் பயந்துதான். எங்கள் தெருக்கடையில் ரகப் பெயர் கேட்டால் "பெருசு வேணுமா, பொடிசு வேணுமா" என்பார்கள்.

சின்ன வெங்காயம் கண்ணாடி மாதிரி வதங்கும்வரை ஒன்றுமில்லை, சிவக்கச் சிவக்க ஏறியது. எடை கால்வாசிக்கும் கீழே சுருங்கிவிடுவதால் 'கிலோவுக்கு' என்ற எண் மிரட்டும். ஒரு தட்டுக்கு எவ்வளவு என்று பச்சை எடையோடு கணக்குப் போட்டால் அவ்வளவு இல்லை.

அம்மாவிடம் மூன்று மேடுகளையும் செல்போனில் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "செவக்கறதுக்கு முன்னாடி எறக்கோணும்ங்கற. உங்க தாத்தனும் அதத்தான் சொல்லுவாரு, எண்ணெ வீணாவுதுன்னு." பிறகு, "அப்ப அந்தச் சுண்டுனது உனக்கு வேண்டாமா? நான் எடுத்துக்கறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதிப் பாதி என்று முடிவானது.

பூண்டு பாக்கி. தோலுரித்து, நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, ஆறு பொட்டலமாக உறைய வைத்தாயிற்று. கூடத்து மிக்சியில் அரைத்தால் அஃப்ளடாக்சின் பகுதியினர் நாற்றம் தாங்கவில்லை என்று மேலே எழுதிப்போட்டுவிடுவார்கள். வீட்டு உரலை ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கடன் கேட்டிருக்கிறேன், அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.